கூட்டுத்தொகை ஏன் பொருந்தவில்லை? எஸ்கியூஎல் கேள்வி-பதில்

தரவுத்தளத்திலிருந்து தரவைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்கியூஎல் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குறூப் பை, அதாவது நிரைகளைக் குழுவாக்குவது பற்றியவை. வழக்கமான வேண்டுகோளை முதலில் சொல்லிவிடுகிறேன்: எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு, அட்டவணையில் என்னென்ன நிரல்கள், வந்த பிழைச்செய்தி என்ன என்பதை எழுதுங்கள். "றிப்போட் பிழையாக வருது, என்ன செய்ய?" என்று மட்டும் எழுதிய நால்வருக்கு இங்கே பதில் இல்லை. நீங்கள் எழுதிய வினவலை, அதாவது எஸ்கியூஎல் கட்டளையைப் பார்க்காமல் அதில் என்ன பிழை என்று யாராலும் சொல்ல முடியாது.

செங்கலடி: வெயார் பகுதியில் சம்(தொகை) > 50000 என்று போட்டால் பிழை காட்டுகிறது.

வெயார் நிரைகளை ஒவ்வொன்றாக வடிகட்டும் இடம். சம் ஒரு குழுவின் தொகைகளைக் கூட்டும் சார்பு; அந்தக் கட்டத்தில் குழுவே உருவாகியிருக்காது. நிபந்தனையை, குழுக்களை வடிகட்டும் ஹேவிங்குக்கு மாற்றுங்கள். அதற்காகத் திகதி, கிளை போன்ற நிபந்தனைகளையும் சேர்த்து அங்கே கொண்டுபோகாதீர்கள். அவை வெயாரிலேயே இருக்கட்டும். ஐந்து இலட்சம் நிரைகளையும் கூட்டி முடித்த பிறகு ஒரு கிளையை மட்டும் பொறுக்குவது வீண் வேலை.

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி: சேர், கவுண்ட்(*), கவுண்ட்(நிரல்) இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முதலாவது நிரைகளை எண்ணும். இரண்டாவது அந்த நிரலில் 'நல்' (பெறுமானம் பதியப்படாத வெற்றிடம்) இல்லாத நிரைகளை மட்டும் எண்ணும். 40 மாணவரில் 6 பேருக்குத் தொலைபேசி இலக்கம் பதியப்படாவிட்டால், ஒன்று 40 என்னும், மற்றது 34 என்னும்.

சராசரி எடுக்கும் ஏவிஜியும் இப்படித்தான். பரீட்சைக்கு வராத 4 பேரின் புள்ளியை 'நல்' என்று விட்டால் மொத்தம் 36ஆல் பிரிக்கப்படும். 0 என்று பதிந்தால் 40ஆல் பிரிக்கப்பட்டு வகுப்பின் சராசரி இறங்கும். வராதவருக்கு 0 போடாதீர்கள். இன்னொன்று: ஒரு நிரையும் அகப்படாவிட்டால் சம் தருவது 0 அல்ல, 'நல்'. கோலெஸ் சார்பால் அதை 0 ஆக்குங்கள். 'நல்' எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் கூட்டாதீர்கள்.

காத்தான்குடி: எல்லாக் கடைகளும் வர வேண்டும் என்று கடை அட்டவணையோடு விற்பனை அட்டவணையை லெஃப்ட் ஜொயின் (சோடி இல்லாத நிரையையும் விடாமல் இணைப்பது) செய்தேன். விற்பனையே இல்லாத கடைக்கும் எண்ணிக்கை 1 வருகிறது.

மேலே மாணவிக்குச் சொன்னதுதான். விற்பனை இல்லாத கடைக்கும், விற்பனை நிரல்கள் 'நல்' ஆக, ஒரு நிரை வரும்; கவுண்ட்(*) அதையும் எண்ணும். கவுண்ட்(*)ஐ எடுத்துவிட்டு, விற்பனை அட்டவணையின் முதன்மைச் சாவியை (ஒவ்வொரு நிரையையும் அடையாளம் காட்டும் நிரலை) எண்ணுங்கள். விற்பனைத் திகதி நிபந்தனை வெயாரில் இருந்தால் இணைப்பு நிபந்தனை எழுதும் ஒன் பகுதிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கடைகளே காணாமல் போகும்.

சாய்ந்தமருது: ஒரு வாடிக்கையாளரின் கடன் நிலுவை இரண்டு மடங்காகத் தெரிகிறது. பெயரால்தான் குழுவாக்கியிருக்கிறேன்.

அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார். வாடிக்கையாளர் இலக்கத்தால் குழுவாக்குங்கள்.

கல்முனை, ஹாட்வெயார் கடைக்கு மென்பொருள் எழுதுபவர்: பில், பில்லில் உள்ள பொருட்கள், தவணைக் கட்டணங்கள் மூன்றையும் ஜொயின் செய்து நிலுவை எடுத்தேன். தொகை பொருந்தவில்லை. ஒரே பெறுமானம் திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டும் சரிவரவில்லை.

இந்த டிஸ்டிங்க்ட் பழக்கத்தை எத்தனை முறை எழுதினாலும் விடமாட்டேன் என்கிறீர்கள். உங்கள் வினவலில் நடப்பதைக் கணக்காகவே பாருங்கள்.

ஒரு பில்லில் மூன்று பொருட்கள்: 12,000, 8,000, 5,000 ரூபா. மொத்தம் 25,000. வாடிக்கையாளர் 10,000 வீதம் இரண்டு தவணை கட்டியிருக்கிறார், அதாவது 20,000. நிலுவை 5,000. இந்த இரண்டு அட்டவணைகளையும் பில் இலக்கத்தால் மட்டும் இணைத்தால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு தவணையோடும் சேரும். மூன்று தர இரண்டு, ஆறு நிரைகள். பொருட்களின் தொகை இரண்டு மடங்காகி 50,000 வரும். கட்டணம் மூன்று மடங்காகி 60,000 வரும். கடைக்காரர் வாடிக்கையாளருக்கே 10,000 கொடுக்க வேண்டும் என்று றிப்போட் சொல்லும்.

இப்போது சம்(டிஸ்டிங்க்ட் தொகை) போடுகிறீர்கள். பொருட்கள் 25,000 ஆகிவிட்டன என்று மகிழ்ச்சி. மூன்று விலையும் வேறுவேறாக இருந்ததால்தான் அது சரியானது. கட்டணத்தில் 10,000 இரண்டு முறை இருக்கிறது. டிஸ்டிங்க்ட் ஒன்றை விழுங்கிவிடும். நிலுவை 15,000 என்று வரும். கட்டிய மனிதனிடம் திரும்பவும் காசு கேட்கப்போகிறீர்கள். டிஸ்டிங்க்ட் பெறுமானங்களைப் பார்க்கிறது. அது எந்த நிரையிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. முந்தைய பிழையாவது மறைத்தொகையாக வந்து கண்ணில் பட்டது. இது நம்பத்தக்க தொகையாக வருவதால் மாதக் கணக்கில் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆகவே இதுதான் கூடிய ஆபத்து.

செய்ய வேண்டியது: இணைப்பதற்கு முன்பே கூட்டுங்கள். பொருட்கள் அட்டவணையைப் பில் இலக்கத்தால் குழுவாக்கி ஓர் உபவினவல் (வினவலுக்குள் ஒரு வினவல்). கட்டணங்களையும் அப்படியே குழுவாக்கி இன்னோர் உபவினவல். இப்போது இரண்டிலும் ஒரு பில்லுக்கு ஒரு நிரைக்கு மேல் இருக்காது. பில் அட்டவணையோடு இரண்டையும் லெஃப்ட் ஜொயின் செய்யுங்கள். ஒரு சதமும் கட்டாத பில்லுக்குக் கட்டணம் 'நல்' வரும், கழித்தால் நிலுவையும் 'நல்' ஆகும். எனவே கோலெஸ் தேவை. கடைசியாக, குறூப் பையையும் சம்மையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு பில்லுக்கு வெறும் நிரைகளை ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு நிரை வர வேண்டிய இடத்தில் ஆறு வந்தால் பிழை ஜொயினில் இருக்கிறது. கூட்டுவதற்கு முன் நிரைகளைக் கண்ணால் பாருங்கள்.

அக்கரைப்பற்று: வீட்டுக் கணினியில் எக்ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பில் ஓடிய வினவல் சேவரில் பிழை தருகிறது. 'ஒன்லி ஃபுல் குறூப் பை' என்ற அமைப்பை நிறுத்தினால் சரியாகும் என்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். எக்ஸாம்பில் இருப்பது மரியாடிபி என்ற தரவுத்தளம். குழுவாக்காத நிரலைச் செலெக்டில் கேட்க விடாத இந்தக் கட்டுப்பாடு அதில் இயல்பாக இல்லை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 5.7 பதிப்பிலிருந்து இயல்பாகவே உண்டு. நீங்கள் கடையால் குழுவாக்கிவிட்டுப் பொருளின் பெயரையும் செலெக்டில் கேட்கிறீர்கள். ஒரு கடைக்கு ஐம்பது பொருட்கள். எந்தப் பெயரைக் காட்டுவது? வீட்டுக் கணினி ஏதோ ஒன்றைக் காட்டியது, அவ்வளவுதான். அந்த நிரலைக் குறூப் பையில் சேருங்கள், அல்லது மிகப்பெரியதை, மிகச்சிறியதை எடுக்கும் மெக்ஸ், மின் போன்ற ஒரு சார்புக்குள் போடுங்கள், அல்லது கேட்காமல் விடுங்கள்.

சம்மாந்துறை, நெல் கொள்வனவாளர்: விவசாயிகளுக்குக் கொடுத்த முற்பணத்தையும் வாங்கிய நெல்லையும் வருடவாரியாகக் கூட்டினால் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

பெரும்போகம் இரண்டு வருடங்களில் கிடக்கிறது. விதைநெல்லுக்கும் பசளைக்கும் கொடுத்தது 2024 ஒக்டோபர், நவம்பரில்; நெல் வந்தது 2025 பெப்ரவரி, மார்ச்சில். திகதியின் வருடத்தால் குழுவாக்கினால் கடன் ஒரு வருடத்திலும் வரவு அடுத்த வருடத்திலும் விழும். பழைய தரவுக்கு, திகதியிலிருந்து 8 மாதத்தைக் கழித்துவிட்டு வருடத்தை எடுங்கள். செப்டெம்பர் முதல் அடுத்த ஓகஸ்ட் வரை ஒரே வருடமாகிவிடும்; பெரும்போகமும் அதைத் தொடரும் சிறுபோகமும் ஒன்றாக வரும்.

இரண்டையும் பிரிக்கத் திகதியை நம்பாதீர்கள். மார்ச் கடைசியில் ஒருவர் பெரும்போக நெல்லைக் கொண்டுவருவார், அன்றைக்கே இன்னொருவர் சிறுபோகத்துக்கு முற்பணம் வாங்குவார். இனிமேல் பதியும்போதே போகத்துக்கு ஒரு நிரல் வைத்து, அதனால் குழுவாக்குங்கள்.

வாழைச்சேனை: மீனின் சராசரி விலை ஏவிஜியில் கூடுதலாகக் காட்டுகிறது.

10 கிலோவை 1,200க்கும் 90 கிலோவை 800க்கும் விற்றால் ஏவிஜி 1,000 என்னும். உண்மையில் கிலோ 840. சம்(விலை × கிலோ)வை சம்(கிலோ)வால் பிரியுங்கள். போஸ்ட்கிறெஸ், எஸ்கியூஎல் சேவர் ஆகிய இரண்டு தரவுத்தளங்களிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் வெட்டுப்படும். ஒன்றையாவது டெசிமல் ஆக்குங்கள்.

பொத்துவில்: ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசிப் பில்லும் அதன் தொகையும் வேண்டும்.

மெக்ஸ்(திகதி), மெக்ஸ்(தொகை) என்று எழுதாதீர்கள். கடைசித் திகதியும் மிகப்பெரிய தொகையும் வெவ்வேறு பில்லிலிருந்து வரலாம். நிரைகளுக்கு 1, 2, 3 என்று இலக்கமிடும் ரோ நம்பர் சார்பை வாடிக்கையாளர் இலக்கத்தால் பார்ட்டிஷன் செய்து (வாடிக்கையாளருக்கு ஒரு பிரிவாகப் பிரித்து), திகதியை இறங்குவரிசையிலும், ஒரே நாளில் இரண்டு பில் இருக்கலாம் என்பதால் பில் இலக்கத்தையும் அடுத்துப் போட்டு, 1 வருவதை எடுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் 8.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

திருக்கோவில்: மெக்ஸ்(பில் இலக்கம்) 999ஐத் தாண்டமாட்டேன் என்கிறது.

நிரலின் வகை வார்சார், அதாவது எழுத்து வகை. எழுத்தாக ஒப்பிட்டால் 9இல் தொடங்கும் '999', 1இல் தொடங்கும் '1000'ஐ விடப் பெரியது. நிரலை முழு எண் வகைக்கு மாற்றுங்கள். மெக்ஸோடு ஒன்றைக் கூட்டி அடுத்த இலக்கம் எடுப்பதையும் விடுங்கள். இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் பில் போட்டால் இருவருக்கும் ஒரே இலக்கம் போகும். அடுத்த இலக்கத்தைத் தரவுத்தளமே போடும் ஓட்டோ இன்கிறிமெண்ட் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.