மாதாந்திரப் பராமரிப்புத் தேதி ஏன் நகர்ந்துகொண்டே போகிறது?

எக்செல் அட்டவணையில் அடுத்த மாதத் தேதிக்காக முந்தைய தேதியுடன் 30ஐக் கூட்டுவதுதான் சிக்கல். பன்னிரண்டு முறை கூட்டினால் 360 நாள்தான் வரும். ஆண்டுக்கு ஐந்து நாள் முன்கூட்டியே வந்துவிடும். எக்செலில் மாதக் கணக்குக்கு ஈடேட் (EDATE) சார்பு இருக்கிறது. தொடக்கத் தேதியையும் மாத எண்ணிக்கையையும் கொடுத்தால் போதும். விடை 45000 போன்ற எண்ணாக வந்தால் பதற வேண்டாம், அது 2023 மார்ச் 15தான். கட்டத்தின் வடிவமைப்பைத் தேதியாக மாற்றுங்கள்.

பலரும் சறுக்குவது மாதக் கடைசியில். ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 (லீப் ஆண்டானால் 29). அந்த விடையுடன் இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 28. 31 திரும்பவே திரும்பாது. ஆகவே முந்தைய வரியிலிருந்து கணக்கிடாதீர்கள். முதல் தேதியை ஒரே கட்டத்தில் நிலையாக வைத்து, அதனுடன் 1, 2, 3 என மாதங்களைக் கூட்டுங்கள்.

ஆனால் எண்ணெய் மாற்றுவது போல, தேய்மானத்தைப் பொறுத்த வேலைகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குக் கடைசியாக உண்மையில் செய்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். அதற்குத் தனி நெடுவரிசை கட்டாயம் வையுங்கள். தவணை கடந்தவற்றை இன்றைய தேதியைத் தரும் டுடே (TODAY) சார்புடன் ஒப்பிட்டுச் சிவப்பாக்கலாம்.