கோணல் ஜாடியை எப்படிப் பார்ப்பது? இகா மண்பாண்டம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானில் இகா என்ற பகுதியின் பூஜாடி ஒன்றைப் படத்தில் பார்த்தேன். கழுத்து சாய்ந்து, வயிறு அமுங்கி, ஒரு பக்கம் கருகியே போயிருக்கிறது. சூளையில் கெட்டுப்போனதையா கொண்டாடுகிறார்கள்?

பதில்: பாதிதான் சரி. அதில் இரண்டு கோணல் இருக்கிறது. முதலாவது கை செய்தது: சக்கரத்தில் வனைந்த ஜாடியை ஈரம் காய்வதற்குள் வேண்டுமென்றே அமுக்கி, மரக்கத்தியால் கீறி, கழுத்தில் இரண்டு 'காது' ஒட்டிவிடுவார்கள். 1600 வாக்கில், தேநீர்ச் சடங்கின் குரு ஃபுருதா ஒரிபே காலத்து ரசனை இது. அப்புறம் நெருப்பு தன் பங்குக்கு வளைக்கும், விரிசல் விட வைக்கும். எது கை, எது நெருப்பு என்று பிரித்துப் பாருங்கள், ஜாடி பேச ஆரம்பிக்கும்.

கேள்வி: பச்சையாக வழிகிறதே, அது என்ன பூச்சு?

பதில்: பூச்சே இல்லை. விறகுச் சாம்பல் பறந்து வந்து படிந்து, 1,200 டிகிரிக்கு மேல் உருகி, மண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகிவிடுகிறது. 'பீதோரோ' என்பார்கள், கண்ணாடிக்கான போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கருகிய இடம் 'கோகே', தணலிலும் சாம்பலிலும் புதைந்து கிடந்த பக்கம். ஆக, சூளைக்குள் ஜாடி எப்படி இருந்தது என்பதை அதன் உடம்பிலேயே படிக்கலாம்.

கேள்வி: விரிசல் விட்டால் ஒழுகாதா?

பதில்: ஒழுகும். லேசான கசிவென்றால் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து அடைப்பார்கள் (நம் பாட்டிமார் சட்டி பழக்கிய கதைதான்), இல்லையென்றால் உள்ளே ஒரு குழாய் வைத்து அதில் பூ. விரிசலுக்காகவே பெயர் பெற்ற ஒன்றும் உண்டு, பூஜாடி அல்ல, தேநீர்ச் சடங்கின் தண்ணீர்ச் சாடி. டோக்கியோ கொதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் 'யபுரேபுகுரோ', கிழிந்த பை!

கேள்வி: என்ன பூ வைக்கலாம்?

பதில்: ஒன்றே ஒன்று. கமேலியா மொட்டு போதும். ரோஜாக் கொத்தைத் திணித்தால் ஜாடியும் போச்சு, பூவும் போச்சு. வைக்குமுன் ஜாடி மேல் தண்ணீர் தெளியுங்கள், மண்ணின் நிறம் எழும்பி வரும்.

கேள்வி: கடையில் கோணல் ஜாடிகள் நிறைய வந்துவிட்டன. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: என் கணக்கு இது: மேசையில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். எவ்வளவு சாய்ந்தாலும் கால் ஊன்றி நிற்க வேண்டும். எந்தப் பக்கமும் ஒரே மாதிரி நெளிந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.