விதைநெல்லும் பிளாஸ்மா பெட்டியும்

கேள்வி: எங்க வயல் கிள்ளைப் பக்கம். வாய்க்கால்ல கடல்தண்ணி ஏறுனா நாத்து நுனி கருகிடுது. போன வாரம் ஒருத்தர் வந்து, விதைநெல்லைப் பிளாஸ்மா பெட்டியில வச்சு எடுத்தா உப்பைத் தாங்கும்னு சொல்லி மூட்டைக்கு இவ்வளவுன்னு பணம் கேட்டார். கொடுக்கலாமா ஐயா?
– ஒரு விவசாயி, கிள்ளை

பதில்: கொடுக்காதீங்கம்மா. ஆனால் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வம்பே அங்கேதான்.

காற்றுக்குள் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தினால் அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்து வரும். அந்தக் கலவைக்கு 1928-ல் இர்விங் லாங்மூர் வைத்த பெயர் பிளாஸ்மா. மின்னலும் அதே சாதிதான். அதில் விதையை வைத்தால் பொரி கிடைக்கும். விதைக்கு ஆகிறது குளிர் பிளாஸ்மா. எலக்ட்ரான் மட்டும் கொதிக்கும், காற்று கை பொறுக்கும் சூட்டிலேயே இருக்கும்.

அதில் உண்டாகும் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் விதைத்தோலை லேசாக அரிக்கும். தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகும், மேலே ஒட்டிய பூஞ்சாணம் சாகும். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த சங்கதி. உப்பு ஏறிய நாற்றுக்குள்ளும் இதே மாதிரி வீரியமான ஆக்சிஜன் பொருள்கள் பெருகித்தான் செல்களைக் கெடுக்கின்றன. விதையிலேயே அதைத் துளி காட்டிவிட்டால், அதை முறிக்கும் கேட்டலேஸ், பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் முன்கூட்டியே தயாராகின்றன. அம்மை குத்துவது மாதிரி என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன், "அப்போ காய்ச்சல் வருமா?" என்று கேட்டாள். வரும். அளவு மிஞ்சினால் முளைப்பே படுத்துவிடும்.

ரகம், விதையின் ஈரம், வைத்த நேரம் எதை மாற்றினாலும் பலன் மாறும். அதனால் அவரிடம் கேளுங்கள்: எந்த ரகத்தில் பார்த்தீர்கள்? எத்தனை நிமிடம்? பெட்டியில் வைக்காத விதையைப் பக்கத்திலேயே போட்டு எண்ணினீர்களா? நான் விதைப் பரிசோதனையில் 27 வருஷம் குப்பை கொட்டியவன். 400 நெல்லை எண்ணி வைத்து 14-ம் நாள் வரை பார்ப்போம். முளைப்பு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் விதைக்குச் சான்று கிடையாது. எண்ணாமல் பேசுகிறவரை எனக்கு ஆகாது.

இன்னொன்று, எந்தப் பெட்டியும் உங்கள் வயல் உப்பை எடுக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டைப் பக்கம் வரப்பில் உப்புப் பூத்துக் கிடந்ததைப் பார்த்தேன். நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால்தான் அது இறங்கும். நாற்றங்காலை மேட்டில் போடுங்கள். உவர் தாங்கும் கோ 43 மாதிரி ரகம் தேடுங்கள். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, விதையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்கு உலர்த்தி எடுங்கள். விதையைக் கடினப்படுத்துவது என்று இதைத்தான் சொல்வோம். பெட்டிக்காரர் விற்கும் யோசனைக்கு இது பெரியப்பா முறை.

கேள்வி: டியூப்லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதானாமே? அதன் அடியில் வெண்டை விதையை வைத்தால் போதாதா?
– பள்ளி மாணவன், பாகூர்

பதில்: பிளாஸ்மாதான் தம்பி. ஆனால் அது கண்ணாடிக் குழாய்க்குள் அடைந்து கிடக்கிறது. வெளியே வருவது வெளிச்சம்தான். குழாயை உடைத்துப் பார்க்காதே, உள்ளே பாதரசம் இருக்கிறது.