சகோதரச் சங்கச் சின்னங்கள் பொறித்த பழைய மதுக் கோப்பைகள்: கேள்வி-பதில்

கேள்வி: என்னிடமுள்ள சிறிய ஆங்கிலேயக் கோப்பையின் அடித்தட்டு அளவுக்கு மீறிக் கனமாக இருக்கிறது. இது செய்நேர்த்திக் குறையா?

பதில்: குறையன்று. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் கிளைகளான லாட்ஜுகளின் விருந்துகளில், வாழ்த்துரைத்து மதுவை அருந்தியதும் அனைவரும் ஒருசேரக் கோப்பையை மேசைமீது ஓங்கித் தட்டுவார்கள். துப்பாக்கி வேட்டுப் போல ஒலித்ததால் இவற்றுக்கு ஃபயரிங் கிளாஸ் என்று பெயர். அந்த அடியைத் தாங்கத்தான் குட்டையான தண்டும் தடித்த அடித்தட்டும்.

கேள்வி: ஃப்ரீமேசன் சின்னங்களான கவராயமும் மூலைமட்டமும் பொறித்த கோப்பை ஒன்றை 1760ஆம் ஆண்டுக்குரியது என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: கண்ணாடியின் வயதையும் பொறிப்பின் வயதையும் தனித்தனியே சோதிக்காமல் நம்ப வேண்டாம். சின்னம் இருந்தால் விலை பல மடங்கு கூடும் என்பதால், பழைய வெறுங்கோப்பையில் பிற்காலத்தில் பொறித்து விற்பதுண்டு. வரலாற்றுச் சான்று ஒன்றைக் கெடுக்கும் செயல் என்பதால் இதை நான் மிகக் கடுமையாகவே பார்க்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, கோப்பையைச் சாய்த்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். புழக்கத்தில் விழுந்த மெல்லிய கீறல் ஒன்று பொறிப்பின் விளிம்பில் சட்டென அறுபட்டு மறுபக்கம் தொடர்ந்தால், கீறல் முந்தியது, பொறிப்பு பிந்தியது. பள்ளங்கள் அரிசி மாவு போல வெளேரென்று இருந்தாலும் ஐயம் கொள்ளுங்கள். எண்ணெயும் எமரி என்ற உராய்வுத் தூளும் இட்ட செப்புச் சக்கரத்தால் செதுக்கிய பழைய வேலைப்பாடு காலப்போக்கில் சாம்பல் நிறம் பெற்றிருக்கும். அடித்தட்டின் கீழ்ப்புறத் தேய்மானம் பல திசைகளிலும் ஒழுங்கின்றி இருக்க வேண்டும். ஒரே திசையில் இணைகோடுகளாக ஓடினால் அது உப்புத்தாளின் வேலையாகவே இருக்கக்கூடும்.

கேள்வி: லாட்ஜின் எண் பொறித்திருந்தால் காலத்தைக் கணிக்க முடியுமா?

பதில்: பெயரும் உடன் இருந்தால் பெரிதும் உதவும். இங்கிலாந்தின் லாட்ஜுகளுக்குத் தலைமை அமைப்புகளாக இருந்த இரு கிராண்ட் லாட்ஜுகள் 1813இல் ஒன்றிணைந்த பின், 1814இலும் மீண்டும் 1832, 1863 ஆகிய ஆண்டுகளிலும் எண்கள் மாற்றப்பட்டன. ஆகவே ஒரு லாட்ஜ் குறிப்பிட்ட எண்ணைத் தாங்கிய காலவரம்பைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு அறியலாம்.

கேள்வி: மூன்று வளையச் சங்கிலியும், உள்ளங்கையில் இதயமும் இருக்கின்றன. இதுவும் ஃப்ரீமேசன் கோப்பைதானா?

பதில்: இல்லை, அவை ஆட்ஃபெல்லோஸ் என்ற வேறொரு சகோதரச் சங்கத்தின் சின்னங்கள். மூன்று வளையங்களும் நட்பு, அன்பு, வாய்மை ஆகியவற்றைக் குறிக்கும்.

கேள்வி: இவற்றில் அருந்தலாமா?

பதில்: அக்கால ஆங்கிலேயக் கோப்பைகளில் பல ஈயம் கலந்த கண்ணாடியால் ஆனவை. மதுவை அவற்றில் நெடுநேரம் விட்டால் ஈயம் அதில் கரையும் என்பதால் காட்சிக்கு மட்டும் வைப்பதே நல்லது. கழுவும்போது கொதிநீரைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாகக் கழுவி உடனே துடைத்து வையுங்கள்.