ஷெர்லி டெம்பிள்: 56 சுருளும் 44,000 டாலரும்

கேள்வி இது: "ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் பெரியவரானதும் என்ன ஆனார்? சம்பாதித்ததையெல்லாம் அப்பா அம்மாவே தின்று தீர்த்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?"

பணம் போனது உண்மை. 22 வயதில் கணக்கைத் திறந்து பார்த்தபோது, ஏறத்தாழ 32 லட்சம் டாலர் வருமானத்தில் அவர் பெயரில் மிஞ்சியிருந்தது 44,000 டாலர். "தின்று தீர்த்தார்கள்" என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிட முடியாது, கீழே விளக்குகிறேன். பெரியவரானதும் என்ன ஆனார் என்றால், அமெரிக்கத் தூதர் ஆனார், அதுவும் இரண்டு நாடுகளில். ஏதோ பழைய புகழுக்குக் கொடுத்த பதவி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து வயதில் செட்டில் பழகிய வேலை ஒழுங்குதான் பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது.

பிறந்தது 1928 ஏப்ரல் 23, கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில். அப்பா ஜார்ஜ் வங்கி ஊழியர். அம்மா கெர்ட்ரூட் மூன்று வயதிலேயே மகளை மெக்லின் நடனப் பள்ளியில் சேர்த்தார். குறும்படங்களுக்குப் பிள்ளைகளைத் தேடி ஓர் இயக்குநர் அங்கே வந்தபோது ஷெர்லி பியானோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் தேர்ந்தெடுத்தது அவளைத்தான்.

அந்தக் குறும்படங்களை இன்று பார்த்தால் முகம் சுளிக்கத் தோன்றும். இடுப்பில் அணையாடை கட்டிய மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் படங்களைக் கிண்டலடித்து நடிப்பார்கள். இரண்டு வாரம் ஒத்திகை, அதற்குச் சம்பளம் கிடையாது. பிறகு இரண்டே நாளில் படம் எடுத்து முடிப்பார்கள், நாளுக்கு 10 டாலர். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையை ஜன்னல் இல்லாத ஒலிப்பதிவுப் பெட்டிக்குள் அடைப்பார்கள். உட்காருவதற்கு உள்ளே இருப்பது ஒரு ஐஸ் பாளம். நேரத்தை வீணாக்கினால் பணம் வீண், பணம் வீணானால் தொல்லை என்ற பாடத்தை அங்கேதான் கற்றதாக அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1933இல் அந்தக் குறும்படங்களை எடுத்த நிறுவனம் நொடித்தது. மகளின் ஒப்பந்தத்தை அப்பா 25 டாலர் கொடுத்து மீட்டார். அந்த டிசம்பரில் ஃபாக்ஸ் நிறுவனம் வாரம் 150 டாலருக்கு எடுத்துக்கொண்டது. கூடவே பிறந்த ஆண்டையும் ஒன்று கூட்டி 1929 ஆக்கினார்கள். தன் உண்மை வயது 13 என்று ஷெர்லிக்குத் தெரிந்ததே, 12 முடிந்துவிட்டது என்று நினைத்துக் கொண்டாடிய பிறந்தநாளில்தான்.

1934இல் வரிசையாகப் படங்கள் ஓடின. ஜூலையில் சம்பளம் வாரம் 1,000 டாலரானது. அம்மாவுக்குத் தனியாக வாரம் 250 டாலர், முடிக்கும் ஒவ்வொரு படத்துக்கும் 15,000 டாலர் போனஸ். அம்மாவுக்கு எதற்குச் சம்பளம் என்று சிரிக்க வேண்டாம், அவர் பார்த்தது முழுநேர வேலை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு ராத்திரி படுக்கையில் வைத்து முழு ஸ்கிரிப்டையும் படித்துக் காட்டுவார். அதனால் ஷெர்லிக்குத் தன் வசனம் மட்டுமல்ல, எதிரே நிற்பவரின் வசனமும் மனப்பாடம். பெரிய நடிகர் தடுமாறினால் சின்னது எடுத்துக் கொடுக்கும், பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பிறகு தலைமுடி. சரியாக 56 சுருள். ஒவ்வொரு கற்றையையும் விரலில் சுற்றிக் கொண்டைஊசி குத்தி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுக் காலையில் அவிழ்ப்பார் அம்மா. ஏன் எண்ணிக்கை? ஒரே காட்சியின் ஷாட்டுகளை வேறு வேறு நாளில் எடுப்பார்கள். ஒரு நாள் 50, மறுநாள் 60 என்று இருந்தால் திரையில் தலை திடீரென்று பெரிதாகும். முடியை வினிகர் விட்டு அலசுவார்கள், கண்ணில் பட்டால் எரியும். பார்க்க வருகிறவர்கள் சவுரி முடியோ என்று சந்தேகப்பட்டு இழுத்துப் பார்ப்பது தனித் தொல்லை.

கன்டினியுட்டிக்கு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் இருப்பதற்கு, முடியைவிடப் பெரிய எதிரி பால்பல். ஆறு ஏழு வயதில் பல் விழத் தொடங்கும், படமோ நடுவில் நிற்கும். சார்லஸ் பின்கஸ் என்ற ஹாலிவுட் பல் மருத்துவர், விழுந்த இடத்தை மறைக்கக் கழற்றி மாட்டும் மெல்லிய பல் உறைகள் செய்து கொடுத்தார். இன்று பல் அழகு சிகிச்சையில் 'வெனீர்' என்கிறோமே, அதற்கு முன்னோடி அது. 1935 மார்ச்சில், நட்சத்திரங்கள் தடம் பதிக்கும் ஹாலிவுட் சைனீஸ் தியேட்டர் முற்றத்தின் சிமெண்டில் தடம் பதித்தபோது ஷெர்லி ஷூவைக் கழற்றி வெறுங்காலோடு நின்றதற்கும் காரணம் ஒரு விழுந்த பல். ஜனங்கள் வாயைப் பார்க்காமல் காலைப் பார்க்கட்டும் என்றுதான்.

லைட்டிங் சரிபார்க்க அதே உயரத்தில் இன்னொரு சிறுமியை நிற்க வைப்பார்கள். அந்த நேரத்தில் இவள் ஆசிரியையிடம் பாடம் படிப்பாள். இன்றைய கலிபோர்னியா விதிப்படி 6 முதல் 8 வயதுப் பிள்ளை 8 மணி நேரம் செட்டில் இருக்கலாம்: 4 மணி வேலை, 3 மணி படிப்பு, 1 மணி ஓய்வு.

அவளுடைய திறமையை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் 1935இன் 'தி லிட்டில் கர்னல்' படத்தில் பில் ராபின்சனோடு ஆடிய படிக்கட்டு நடனம். அவர் அப்போது ஐம்பதைத் தாண்டிய டேப் நடன (ஷூவால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் ஆட்டம்) மேதை, மரக் கட்டை வைத்த ஷூவில் முன்பாதத்தால் ஆடுகிறவர். அவருடைய படிக்கட்டு ஆட்டத்தைச் சில நாளில் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற முடியாது, கால் எட்டாது. அதனால் ராபின்சன் ஒரு மாற்று வழி பிடித்தார். கால் வைக்கும் பலகையில் எல்லாத் தட்டையும் தட்டுவதற்குப் பதிலாக, படியின் செங்குத்து முகத்தைக் கால் விரல் நுனியால் உதைக்கச் சொன்னார். சின்ன அசைவு, ஆனால் ஒரு தட்டு கூடுதலாகக் கிடைக்கும், தாளம் நிரம்பிவிடும். ஒரு கறுப்பினத்தவரும் வெள்ளைச் சிறுமியும் கைகோத்து ஆடியதற்காக அமெரிக்கத் தெற்கில் பல ஊர்களில் அந்தக் காட்சியையே வெட்டி எறிந்தார்கள்.

1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டும் அமெரிக்க வசூலில் முதலிடம் இந்தப் பிள்ளைக்கு. 1935 பிப்ரவரியில் சின்ன அளவு ஆஸ்கர் சிலை கொடுத்தார்கள், முழு அளவுச் சிலை கைக்கு வர 1985 ஆனது. பொம்மை, உடை, நீலக் கண்ணாடிக் கோப்பை என்று எதில் முகம் போட்டாலும் விற்றது. நம் பக்கத்திலும் அலை அடித்தது: 1937இல் கே. சுப்ரமணியம் இயக்கிய 'பாலயோகினி'யில் நடித்த பேபி சரோஜாவை 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்றே அழைத்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்த பெண் பிள்ளைகளில் எத்தனை சரோஜாக்கள் என்று உங்கள் வீட்டுப் பாட்டிகளைக் கேளுங்கள்.

பிறகு ஏன் சரிந்தது? கதையின் அச்சு ஒன்றுதான். தாயோ தகப்பனோ இல்லாத குழந்தை, சிடுசிடு கிழவர் ஒருவர், பிரிந்த காதலர்கள். குழந்தை நடுவில் புகுந்து எல்லோரையும் சேர்த்து வைக்கும். 19 எழுத்தாளர்கள் கொண்ட ஒரு குழுவே இதற்கென்று உட்கார்ந்தது. இந்த அச்சு வேலை செய்ய வேண்டுமானால் பிள்ளை பெரியவர்களின் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தூக்கி மடியில் வைக்க முடிய வேண்டும். 11 வயதில் அது முடியாது. கதையை மாற்றியிருக்க வேண்டிய நேரத்தில் ஸ்டுடியோ பாவாடை நீளத்தை மட்டும் மாற்றியது. 1940இல் பெரிய செலவில் எடுத்த வண்ணப்படம் விழுந்தது. அந்த ஆண்டே ஃபாக்ஸிலிருந்து பெற்றோர் விலக்கிப் பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன். பதின்வயதில் சில நல்ல துணை வேடங்கள் வந்தன. கடைசிப் படம் 1949இல். 1950இல் ஓய்வு அறிவித்தபோது வயது 22.

இனி பணம். அன்றைய கலிபோர்னியா சட்டப்படி மைனர் பிள்ளை சம்பாதிப்பது பெற்றோருக்குச் சொந்தம். ஷெர்லிக்கு முந்தைய குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன், லட்சக்கணக்கில் சம்பாதித்தும் கைக்கு ஒன்றும் வராமல், 1938இல் தாய் மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் வழக்குப் போட்டார். கிடைத்தது 1,26,000 டாலர் மட்டும். அதையொட்டி 1939இல் 'கூகன் சட்டம்' வந்தது. அதில் பெரிய ஓட்டை: ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்டி ஒப்புதல் வாங்கினால்தான் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம். காட்டாவிட்டால் சட்டம் தொடாது. ஷெர்லி விஷயத்தில் நீதிமன்றம் போடச் சொன்ன தொகையையும் அப்பா அறக்கட்டளைக் கணக்கில் போடவில்லை. மற்றது குடும்பச் செலவு, வேலையாட்கள் சம்பளம், தேறாத முதலீடுகள் என்று கரைந்தது. வங்கியில் வேலை பார்த்தவர் என்பதால் எல்லோரும் அவரை நம்பினார்கள். 1950 டிசம்பரில் சார்ல்ஸ் பிளாக்கை இரண்டாம் திருமணம் செய்த பிறகுதான் யாரோ ஒருவர் அந்தக் கணக்கை முழுதாகப் புரட்டிப் பார்த்தார்கள். (முதல் திருமணம் 17 வயதில், நான்கே ஆண்டில் முறிந்தது.) ஷெர்லி அப்பா மேல் வழக்குப் போடவில்லை.

ஓட்டையை அடைத்தது 2000 ஜனவரி 1 முதல் வந்த திருத்தம். பிள்ளையின் வருமானம் பிள்ளையின் தனிச்சொத்து. மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதத்தைப் படநிறுவனமே நேராகப் பிள்ளையின் பூட்டிய கணக்கில் போட வேண்டும், 18 வயதுவரை பெற்றோர்கூட எடுக்க முடியாது. பெற்றோர் கைக்குப் போய்த் திரும்ப வராததுதான் பழைய நோய், அதனால்தான் நிறுவனத்தைப் போடச் சொன்னார்கள். இந்தியாவில் 2017 விதிகளின்படி வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பெயரில் வைப்பு நிதியாக வேண்டும். வேலை நாளுக்கு 5 மணி நேரம், இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

அரசியலுக்கு வந்த கதை தோல்வியில் தொடங்குகிறது. 1967இல் குடியரசுக் கட்சிக்காரராக நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்கு நின்று, வியட்நாம் போரை எதிர்த்த அதே கட்சிக்காரர் பீட் மெக்ளாஸ்கியிடம் தோற்றார். 1969இல் ஐ.நா. குழுவில் இடம். 1972இல் மார்பகப் புற்றுநோய். அன்றைய வழக்கம், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சதைப் பரிசோதனையில் புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்தில் மார்பை எடுத்துவிடுவார்கள், விழித்த பிறகுதான் பெண்ணுக்கே தெரியும். அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. பரிசோதனை தனியாக, முடிவு தன் கையில் என்றார். பிறகு ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே பத்திரிகைகளிடம் சொன்னார். அந்த நோயின் பெயரையே வாய்விட்டுச் சொல்லாத காலம் அது.

1974 முதல் 1976 வரை கானாவில் தூதர். அடுத்து அரசு வரவேற்பு நெறிமுறைத் துறைத் தலைவர், அந்தப் பதவியில் முதல் பெண். யார் எங்கே உட்கார வேண்டும், எந்தக் கார் எத்தனை மணிக்கு, யார் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்: கால்ஷீட் பார்த்து வளர்ந்தவருக்குச் சொல்லியா தர வேண்டும்? ரீகன் காலத்தில் புதிய தூதர்களுக்கு வகுப்பும் எடுத்தார்.

செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகா தனிக் கதை. அண்ணனுக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோய் இருந்ததால் அந்த நோய்க்கான சர்வதேசக் கூட்டமைப்பின் சார்பில் 1968 ஆகஸ்டில் அங்கே போயிருந்தார். சோவியத் டாங்கிகள் நுழைந்த நாளில் ஒரு பெண் சுடப்பட்டு விழுந்ததை ஓட்டலிலிருந்து பார்த்தார். 21 ஆண்டு கழித்து, 1989 ஆகஸ்டில், அதே நகருக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். நவம்பரில் அங்கிருந்த கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது. ஒரு வேடிக்கை: ஷெர்லி டெம்பிள் பிளாக் என்ற பெயரின் முதலெழுத்துகள் எஸ்.டி.பி. செக்கோஸ்லோவாக்கிய ரகசியப் போலீசின் சுருக்கப் பெயரும் அதேதான். 1992 வரை அங்கே இருந்தார். 2014 பிப்ரவரி 10 அன்று கலிபோர்னியாவில் 85 வயதில் காலமானார்.

படம் பார்க்க ஆசைப்பட்டால், பின்னாளில் வண்ணம் பூசிய பிரதிகளைத் தவிர்க்கவும், முகமெல்லாம் மஞ்சள் தடவியதுபோல் இருக்கும். முதலில் 'தி லிட்டில் கர்னல்' படிக்கட்டுக் காட்சியை மட்டும் பாருங்கள், பிறகு 1939இன் 'தி லிட்டில் பிரின்சஸ்'. அது அசலிலேயே வண்ணப்படம், காப்புரிமை காலாவதியானதால் இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. நல்ல பிரதியாகத் தேடி எடுங்கள், மங்கலானவை நிறையச் சுற்றுகின்றன.