பிடியரிசிப் பானை யார் வீட்டில் இருந்தது?

அன்புள்ள அக்கா,

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் எங்கள் ஊர் மாதர் சங்கம் மலர் வெளியிடப் போகிறது. வரலாறு எழுதும் வேலை என் தலையில். பதிவுச் சான்றிதழில் 1979 என்று இருக்கிறது, ஆனால் அதற்கு எவ்வளவோ முந்தியே தான் பொருளாளராக இருந்ததாக அம்மம்மா சொல்லுறா. நேவித் துரைமாரின் மனைவிமார் தொடக்கிவிட்டது என்று இன்னொருவர் சொல்கிறார். பழைய கொப்பிகள் எல்லாம் 1990 யுத்த இடம்பெயர்வோடு போய்விட்டன. எங்கே தேடுவது?

தர்சினி

அன்புள்ள தர்சினி,

முதலில் அந்த 1979ஐ ஓரமாக வையுங்கள். வங்கியில் கணக்குத் திறக்க, கட்டிடத்துக்குக் காணி கேட்கப் பதிவு வேண்டும். நாலு பெண்கள் கூடி ஊர் வேலை செய்ய அது வேண்டியதில்லை. நான் அம்மம்மாவைத்தான் நம்புவேன்.

ஆனால் அவரிடம் எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். சூறாவளிக்கு முந்தியா பிந்தியா என்று கேளுங்கள். 1964 மார்கழிச் சூறாவளியைத் திருமலையில் அந்த வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கும் முந்தி என்றால், இங்கிலீஷ்காரன் நேவித்தளத்தை விட்டுப் போனது 1957, யப்பான்காரன் குண்டு போட்டது 1942 சித்திரை. எந்தப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது முதல் கூட்டத்துக்குப் போனார் என்று கேட்டுப் பாருங்கள், பிறப்புச் சான்றிதழை வைத்தே வருஷத்தைப் பிடித்துவிடலாம்.

என் அம்மாவின் சங்கத்திலும் ஒரு கொப்பி மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு பித்தளைக் கிடாரம், செத்தவீடு கலியாணவீடு என்று வாடகைக்குப் போய்வந்தது. விளிம்பில் உளியால் புள்ளி புள்ளியாக அடித்து ‘மா.ச. 1956’. கடைசி எழுத்தை 8 என்றுதான் நினைத்திருந்தோம், புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் 6 என்று தெரிந்தது. அதைவிடப் பழைய ஆவணம் அந்தச் சங்கத்துக்கு இல்லை. உங்கள் ஊரிலும் யாருடையவோ குசினிப் பரணில் ஒன்று கிடக்கும், போய்ப் பாருங்கள்.

நேவி மனைவிமார் கதைக்கு வருகிறேன். தலைவி, செயலாளர், கூட்டறிக்கை, தையல் வகுப்பு என்ற அமைப்பு வெளியில் இருந்து வந்ததுதான், ஆனால் அதன் வழி வேறு. கனடாவின் ஒன்ராறியோவில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889இல் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். கெட்ட பால்தான் காரணம் என்றார்கள். வீட்டுச் சுகாதாரத்தைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அந்தத் துக்கத்தோடு கூட்டம் கூட்டமாகப் பேசித் திரிந்தார், 1897இல் ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் முதலாவது மாதர் சங்கம் உருவானது. அதே கனடாவில் பிறந்து, இலங்கைத் தமிழர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வாழ்ந்த டாக்டர் மேரி இரட்ணம், அதை மாதிரியாக வைத்து 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு கிராம அபிவிருத்தித் திணைக்களமும் ஊருக்கு ஊர் மாதர் சங்கம் அமைக்க ஊக்கம் கொடுத்தது. எங்கோ ஒரு பிள்ளை பாலால் செத்ததற்கும் எங்கள் ஊர்த் திண்ணையில் பால் மாவைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்கச் சொல்லித்தந்ததற்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்று அறிந்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் சங்கத்தின் முதல் காசு எங்கிருந்து வந்தது? எங்கள் ஊரில் பிடியரிசியில் இருந்து வந்தது, அதை யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை. உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடுவார்கள், கிழமைக்கொருக்கால் வீடு வீடாகச் சேர்த்து விற்பார்கள். தங்கம்மா சண்முகம்பிள்ளை 1923இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடக்கிய ஊர் திருமலை, பெண்கள் முன்னுக்கு நின்று ஒரு காரியம் செய்வதை எந்தத் துரைசானியும் வந்து பழக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஊரில் அந்தப் பானை யார் வீட்டில் இருந்தது என்று விசாரியுங்கள். நான் எழுதினால் அந்த வீட்டில் இருந்துதான் வரலாற்றைத் தொடங்குவேன்.

இந்தக் கிழமையே அம்மம்மாவிடம் போங்கள், தள்ளிப்போட வேண்டாம். சொல்லிவிட்டு ஃபோனில் ஒலிப்பதிவு போடுங்கள். கொப்பியும் பேனையும் எடுத்தால் வயதானவர்கள் விதானையார் வந்து விசாரிக்கிற மாதிரி அளந்துதான் பேசுவார்கள். கிடாரம் அகப்பட்டால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். தேய்க்கப் புளி மட்டும் போதும், உப்புத்தாள் போட்டுவிடாதீர்கள், எழுத்து போய்விடும்.