பழைய கராஜ் வளவில் பன்னிரண்டு வீடுகள்

கேள்வி: மட்டக்களப்பு நகரத்தில் வாடகைக்கு இருக்கும் 12 குடும்பங்கள் சேர்ந்து, பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கராஜின் அரை ஏக்கர் உறுதிக் காணியை வாங்கப் பேசியிருக்கிறோம். ஆளுக்கொரு சின்ன வீடு கட்டுவதுதான் திட்டம். 5 இலட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்து, முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்து வாங்கினோம். போன கிழமை அங்குள்ள கிணற்றில் அள்ளிப் பார்த்தால் வாளித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம். மூன்றடி தோண்டினால் மணல் கறுப்பு, டீசல் நாற்றம். விற்பவரோ "ஒரு மாரி பெய்தால் சரியாகிவிடும்" என்கிறார். அடுத்த மாதம் உறுதி எழுத வேண்டும். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: முதலில் உறுதி எழுதும் நாளைத் தள்ளிப்போடுங்கள். இலங்கையில் காணி விற்பனைக்குப் பொருந்தும் உரோமன் டச்சுச் சட்டப்படி, வாங்கியதில் மறைந்த குறை இருந்தால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். குறை பெரிதென்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக் காசையே கேட்கலாம். தெரிந்துகொண்டு வாங்கிய குறைக்கு இந்த உரிமை கிடையாது. நீங்கள்தான் வாளியை எட்டிப் பார்த்துவிட்டீர்களே! இனி அப்படியே கையெழுத்து வைத்தால், பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் நின்று "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

மாரிக் கதையை நம்ப வேண்டாம். நம் ஊர் மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. மழை அந்த எண்ணெயைக் கழுவாது, பக்கத்து வளவுக் கிணற்றுக்குக் கொண்டுபோகும். காணி உங்கள் பெயருக்கு வந்தபின் அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது உங்களிடம்தான்.

அடுத்தது அந்த 5 இலட்சம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, காணியை விற்பதற்கான ஒப்பந்தமும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டியதால் உங்கள் தாள் ஒப்பந்தமாகிவிடாது. ஆகவே வாங்கியே தீர வேண்டும் என்று அவர் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் "நான் விற்கத் தயார், இவர்கள்தான் பின்வாங்கினார்கள்" என்று அவர் நின்றுகொண்டால் முற்பணத்தை மீட்பது இழுபடும். அதனால் "வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிடாதீர்கள். கண்டதைத் திகதியோடு எழுதி, படமும் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குறையை அவர் அறிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலமாகும்.

அதைக் காட்ட, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த கராஜுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருந்ததா, முறைப்பாடு வந்ததா என்று மாநகர சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கொள்கைப்படி 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு வழங்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது அரசின் செயலுக்கு எதிராகப் போடும் அடிப்படை உரிமை மனு. இரண்டு தனியாட்களின் காணிப் பேரத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

காணி உண்மையிலேயே மலிவு, வேண்டும் என்றால் நொத்தாரிசு ஒப்பந்தமொன்றைப் புதிதாக எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். மண்ணும் நீரும் பரிசோதிக்கப்பட வேண்டும், கறுத்த மணலை விற்பவர் தன் செலவில் அகற்ற வேண்டும், முடியும்வரை விலையில் ஒரு பகுதி உங்களிடமே நிற்க வேண்டும், முடியாவிட்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்று அதில் இருக்கட்டும். "உள்ளபடியே விற்கிறேன்" என்ற வரியைக் கண்டால் வெட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 2021 ஒழுங்குவிதிகளில் துண்டுக் காணிக்குக் குறைந்தது 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச். பன்னிரண்டு துண்டுக்கு 72 போனால் ஒழுங்கைக்கு மிச்சம் 8. போதாது. ஆகவே, ஒரே காணியில் உள்ள வீடுகளுக்குத் தனித்தனி உரிமை தரும் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதன உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு மாடித் தொடர்வீடாகக் கட்டி, வீட்டுக்கு ஒரு உறுதி எடுப்பதே உங்களுக்குப் பொருந்தும். கிணற்றடிப் பக்கத்தை வாகனம் நிறுத்த விட்டுவிடலாம், தண்ணீருக்குக் குழாய் இணைப்பு.

பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்வரை அந்தக் கிணற்றை இறைக்க வேண்டாம். மூடி போட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.